ஜோடி வேண்டாம், ஒன்று போதும்

நாளை மதுரையில் சிரியன் ஹாம்ஸ்டர் (எலி போன்ற சிறு வளர்ப்புப் பிராணி) ஜோடி வாங்கி, இரண்டு மணி நேரம் பேருந்தில் கொண்டுபோகலாமா என்று கேட்டிருந்தீர்கள். கடைக்காரர் என்ன சொன்னாலும் ஒன்றே வாங்குங்கள். சிரியன் தனித்து வாழும் இனம். வளர்ந்த இரண்டை ஒரே கூண்டில் விட்டால் ரத்தம் வரக் கடித்துக்கொள்ளும், சில நேரம் ஒன்று செத்தே போகும். ஆணும் பெண்ணும் என்றால் இணைந்த 16 நாளில் குட்டிகள்.

மாலையில் கடைக்குப் போங்கள். ஹாம்ஸ்டர் அப்போதுதான் விழிக்கும், சுறுசுறுப்பாக இருக்கிறதா என்று தெரியும், வெயிலும் தணிந்திருக்கும். 30 டிகிரிக்கு மேல் போனால் அதற்கு ஆபத்து. வாலடி ஈரமாக இருக்கும் ஒன்றைக் கண்டால் அந்தக் கூண்டிலிருந்து எதையுமே வாங்காதீர்கள். அது வெட் டெயில் என்னும் வயிற்றுப்போக்கு. இரண்டு மூன்று நாளில் குட்டியைக் கொன்றுவிடும். பயணப் பதற்றத்தாலும் வரும், வீட்டில் கண்டால் அன்றே மருத்துவரிடம் ஓடுங்கள்.

பேருந்துக்கு அட்டைப்பெட்டி வேண்டாம், கொறித்து வெளியேறிவிடும். துளையிட்ட கெட்டி பிளாஸ்டிக் டப்பாவில், கடைக் கூண்டின் அடியில் கிடக்கும் விரிப்பு ஒரு கைப்பிடி போடுங்கள், வாசனை பழகியது. தண்ணீர்ப் புட்டி ஒழுகும், வெள்ளரித் துண்டு போதும்.

வீட்டில் விரிப்பு 15 செ.மீ. ஆழமாவது வேண்டும், அது ஓடும் சக்கரம் 28 செ.மீ. விட்டம். கூடு கட்டக் கடையில் தரும் பஞ்சு வேண்டாம், காலில் சுற்றும், குடலை அடைக்கும். வாசனையில்லாத டிஷ்யூவைக் கிழித்துப் போடுங்கள். முதல் மூன்று நாள் கையில் எடுக்காதீர்கள்.