சம்பளமில்லாமல் விரிவுரைக்குப் போகிறவர்களுக்கு: திருகோணமலையிலிருந்து ஒரு கேள்வி பதில்

அரச கணக்காளராக 31 வருடம் வேலை செய்து ஓய்வுபெற்றவன் நான். ஒன்பது வருடமாகத் திருகோணமலையில் உயர்கல்வி மாணவர்களுக்குக் கிரயக் கணக்கீடும் அரச கணக்கீடும் படிப்பிக்கிறேன். அதற்குச் சம்பளம் வாங்குவதில்லை. "நானும் வரலாமா, எப்படி வருவது" என்று கேட்பவர்கள் கூடிவிட்டதால் இன்று பின்னேரம் ஒரே இருப்பில் பதில் சொல்கிறேன். எந்த நிறுவனத்தையும் குறை சொல்ல இதை வைக்கவில்லை. ஆகவே குறை சொல்லும் இடங்களில் பெயர் வராது.

கிண்ணியா, முகாமைத்துவப் பட்டதாரி: சேர், தொண்டர் விரிவுரையாளராகச் சேர யாரைச் சந்திக்க வேண்டும்? தெரிந்த ஆள் யாரும் இல்லை.

தெரிந்த ஆள் தேவையில்லை, தம்பி. முதலில் துறைத் தலைவருக்கு எழுது. கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகமென்றாலும், நகரத்தில் உயர் தேசிய டிப்ளோமா படிப்பிக்கும் உயர் தொழில்நுட்பவியல் நிறுவனமென்றாலும் வழி ஒன்றுதான். "எதையும் படிப்பிப்பேன்" என்று எழுதாதே. அப்படி எழுதிய கடிதங்கள் கோப்பிலேயே கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தத் துறையின் பாடவிதானத்தை எடுத்துப் படி. எந்தப் பாடத்தில், எந்த அலகில் உன்னால் உதவ முடியும் என்று ஒரு பக்கத்தில் சொல். மாணவர் கஷ்டப்படுவது எங்கே என்று கடைசி வருடப் பிள்ளைகள் இரண்டு பேரிடம் கேட்டாலே தெரிந்துவிடும்.

துறைத் தலைவர் சரி என்றதும் வகுப்புக்குள் போய்விடாதே. கடிதம் வாங்கு. இதை இன்று பல தடவை சொல்லப்போகிறேன். கடிதத்தில் ஐந்து விஷயம் இருக்க வேண்டும்: பாடத்தின் பெயரும் குறியீடும், எந்த செமஸ்டர், கிழமைக்கு எத்தனை மணித்தியாலம், பரீட்சைப் பொறுப்பு உண்டா இல்லையா, எந்தத் திகதியோடு முடிகிறது. கடைசி இரண்டும்தான் அநேகமான கடிதங்களில் விடுபடும்.

நேரக் கணக்கையும் யோசித்துக்கொள். விரிவுரைக்கு ஒரு கிரெடிட் என்றால் 15 மணித்தியாலம். மூன்று கிரெடிட் பாடம் 45 மணித்தியாலம், அது 15 கிழமைக்குப் பரவும். ஆயத்தத்துக்கு எனக்கு அதைப்போல இரண்டு மடங்கு போகிறது. மூன்றாம் கிழமையில் வேலை கிடைத்து நீ போய்விட்டால் நட்டம் பிள்ளைகளுக்குத்தான்.

உப்புவெளி: எவ்வளவு தருவார்கள்?

ஒன்றும் தரமாட்டார்கள். மணித்தியாலத்துக்குக் கொடுப்பனவு உள்ளது வருகை விரிவுரையாளருக்கு, அதாவது நாம் "விசிட்டிங்" என்று சொல்வது. அது வேறு நியமனம்.

தம்பலகாமம்: மகனுக்கு உயர்தரப் பரீட்சையில் வந்த இந்த இசட் புள்ளிக்கு வளாகம் கிடைக்குமா?

ஐயா, அது என் துறை இல்லை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலில் ஒவ்வொரு பாடநெறிக்கும் மாவட்டவாரியாக முந்திய வருட வெட்டுப்புள்ளி இருக்கிறது, பாருங்கள். அநேகமான பாடநெறிகளின் அனுமதியில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீட்டுக்கு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்த மாவட்டங்களில் திருகோணமலையும் ஒன்று. விருப்பத் தெரிவை நிரப்பும்போது மகனோடு கூட இருங்கள்.

நிலாவெளி, தங்கை ஒருவர்: முதல் நாள் வகுப்பில் 80 பேர் இருப்பார்களாம். எனக்குக் கை நடுங்குகிறது சேர். என்னத்தோடு தொடங்குவது?

அவர்கள் கண்ணால் பார்த்த ஒன்றோடு தொடங்குங்கள், தங்கச்சி. இலாபமும் இல்லாமல் நட்டமும் இல்லாமல் நிற்கும் சமநிலைப் புள்ளி என்ற பாடத்தைப் பாடப்புத்தகத்தில் உள்ள தொழிற்சாலையை வைத்து மூன்று வருடம் படிப்பித்தேன். பிள்ளைகள் சூத்திரத்தை எழுதினார்கள், விளங்கவில்லை. நாலாம் வருடம் நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்கு ஓடும் படகை எடுத்தேன். பயணி வந்தாலும் வராவிட்டாலும் படகுக்காரருக்கு நாளொன்றுக்கு 4,000 ரூபாய் செலவு என்று வைப்போம்: கடன் தவணை, இயந்திரத் தேய்மானம், காவல். ஒரு ஓட்டத்துக்கு எண்ணெயும் ஆள்கூலியும் 3,000. வாங்கும் கட்டணம் 5,000. ஒரு ஓட்டத்தில் மிஞ்சுவது 2,000. அப்படியென்றால் இரண்டு ஓட்டம் ஓடினால்தான் அன்றைய செலவு அடைபடும், மூன்றாவது ஓட்டம்தான் வீட்டுக்கு. இதைக் கரும்பலகையில் போட்டதும் பின்வரிசையில் ஒரு பெடியன் எழும்பி, "சேர், அப்ப மாரியில?" என்று கேட்டான். வடகீழ்ப் பருவமழை தொடங்கினால் கடல் கொந்தளிக்கும், ஓட்டம் பூச்சியம், ஆனால் அந்த 4,000 செலவு நிற்காது. நிலையான செலவு என்றால் என்னவென்று அன்று அந்த வகுப்பே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டது. அவனுடைய தகப்பன் படகுக்காரர் என்று பிறகுதான் தெரிந்தது.

அதனால் முதல் நாள் உங்கள் பட்டங்களைச் சொல்லி நேரத்தைப் போக்காதீர்கள். ஒரு படகு, ஒரு கடை, ஒரு வயல் போதும். நடுக்கம் இருபது நிமிடத்தில் போய்விடும்.

டொரொன்டோ, கணினித்துறை: ஊர் சாம்பல்தீவு. சூமில் ஒரு சிறப்புரை செய்ய விருப்பம்.

ஒரு சிறப்புரையால் உங்களுக்கு மனநிறைவு வரும், பிள்ளைகளுக்கு அதிகம் வராது. அதைவிடக் கடைசி வருடச் செயற்றிட்டம் செய்யும் நாலு பேரை எடுத்துக் கிழமைக்கு ஒரு மணித்தியாலம், செமஸ்டர் முழுக்க அவர்களின் வேலையைப் பார்த்துத் திருத்துங்கள். உங்கள் காலை எங்கள் பின்னேரம், நேரம் பொருந்தும். துறை ஊடாகச் செய்யுங்கள், கடிதத்தோடு.

ஆலங்கேணி: தமிழில் படிப்பிக்கலாமா? பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கஷ்டம்.

நல்ல கேள்வி. முகாமைத்துவமும் விஞ்ஞானமும் இங்கே ஆங்கில மொழிமூலம், பரீட்சையும் ஆங்கிலத்தில். கோணேசபுரி வகுப்பில் மூதூர்ப் பிள்ளைக்குப் பக்கத்தில் சிங்களம் பேசும் குருநாகல் பிள்ளை இருக்கும். நீங்கள் பத்து நிமிடம் தமிழில் விளக்கினால் அந்தப் பத்து நிமிடமும் அது சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். நான் விரிவுரையை எளிய ஆங்கிலத்தில், சின்ன வசனங்களில் செய்கிறேன். முக்கிய சொற்களுக்குத் தமிழும் சிங்களமும் பக்கத்தில் எழுதி ஒரு தாள் கொடுக்கிறேன். சிங்களச் சொற்களைச் சரிபார்த்துத் தருவது மாணவர்களே. வகுப்பு முடிந்த பிறகு யார் எந்த மொழியில் கேட்டாலும் அந்த மொழியில் இருந்து விளக்கலாம். பிள்ளைக்கு உதவுகிறோம் என்று முழுப்பாடத்தையும் தமிழில் முடித்துவிட்டால் பரீட்சை மண்டபத்தில் அதே பிள்ளைதான் தத்தளிக்கும்.

குச்சவெளி: தொண்டராக இருந்தால் நிரந்தரம் கிடைக்குமா?

இல்லை.

வெள்ளைமணல்: இரண்டு வருடம் சும்மா படிப்பித்தால் பிறகு உள்ளே எடுப்பார்கள் என்கிறார்களே?

மேலே சொன்னேன். விரிவாகச் சொல்வதென்றால், நிரந்தரத்துக்கு முதல் படியான தகுதிகாண் விரிவுரையாளர் பதவி பகிரங்கமாக விளம்பரப்படுத்தப்படும். முதலில் பார்ப்பது உங்கள் பட்டத்தின் வகுப்பை: சிறப்புப் பட்டத்தில் முதலாம் வகுப்பு அல்லது செகண்ட் அப்பர், அதாவது இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு. அது இல்லாவிட்டால் பத்து வருடத் தொண்டும் அந்தக் குறையை நிரப்பாது. இருந்தால், நேர்முகத் தேர்வில் படிப்பித்த அனுபவம் ஒரு சிறு பலம். அதையும் நிரூபிக்கக் கடிதம் வேண்டும். "எடுப்போம்" என்று வாயால் சொன்னவர் அடுத்த வருடம் அந்தக் கதிரையில் இருப்பாரா என்று யோசியுங்கள்.

மூதூர், வேலையற்ற பட்டதாரி: சேர், குறை நினைக்க வேணாம். பென்ஷன் எடுக்கிற நீங்க சும்மா படிப்பிக்கிறதாலதான் எங்களுக்கு விசிட்டிங் கூடக் கிடைக்குதில்ல. காசு குடுத்து ஆள் எடுக்க வேண்டிய இடத்த நீங்க இலவசமா அடைச்சிட்டீங்க. 2017இல கிழக்குல பட்டதாரிகள் மாசக்கணக்கா வீதியில கிடந்தாங்க, நானும் கிடந்தன். இது தொண்டா?

குறை நினைக்கவில்லை, தம்பி. நீ சொன்னது சரி. இதற்கு முழுப் பதில் தர வேண்டும்.

நான் தொடங்கிய இரண்டாம் வருடம் ஒரு முழுப் பாடத்தையும் என்னிடம் தந்தார்கள். சந்தோஷமாக எடுத்தேன். அரைவாசி செமஸ்டர் போன பிறகுதான், அதே பாடத்துக்கு வருகை விரிவுரையாளராக விண்ணப்பித்திருந்த ஒரு பிள்ளை வகுப்பு வாசலில் என்னைச் சந்தித்தது. செகண்ட் அப்பர். "ஆள் இருக்கிறார், தேவையில்லை" என்று சொல்லிவிட்டார்களாம். கோபமாகக் கூடப் பேசவில்லை, விண்ணப்பத்தின் பிரதியைக் காட்டிவிட்டுப் போய்விட்டது. அந்த "ஆள்" நான். அரச பணத்தை மிச்சம் பிடிப்பதே நல்லது என்று 31 வருடம் பழகிய எனக்கு, அந்த மிச்சம் யாருடைய மடியிலிருந்து எடுக்கப்பட்டது என்று அன்றுதான் தெரிந்தது. அடுத்த செமஸ்டர் அந்தப் பாடத்தை ஏற்க மறுத்தேன். அந்தப் பிள்ளை அதற்குள் கொழும்பில் ஒரு கம்பனிக்குப் போய்விட்டது.

அன்றிலிருந்து ஒரு வரையறை வைத்திருக்கிறேன். நெருக்கடி நேரம் தவிர, சம்பளத்துக்கு ஆள் வேண்டிய இடத்தில் நான் நிற்பதில்லை. மேலதிகப் பயிற்சி வகுப்பு, தவறியவர்களுக்கு மீட்டல், செயற்றிட்ட உதவி, இவைதான் என் வேலை.

முன்னாள் மாணவி, இறக்கக்கண்டி: நான் இடையில் வாறதுக்கு மன்னிக்கணும். 2022இல் சேர் வராட்டி எங்களுக்கு அந்தப் பாடமே நடந்திருக்காது. பெற்றோல் இல்ல, விரிவுரையாளர்கள் வெளிநாடு போயிட்டாங்க. சேர் சைக்கிளில வந்தவர்.

மூதூர்: தங்கச்சி, அது நெருக்கடி. நெருக்கடி முடிஞ்சும் இலவசம் முடியல. அதத்தான் கேக்கன்.

சம்பூர், ஆசிரியை: தம்பி சொல்வது எனக்கு வலிக்கிற அளவுக்கு உண்மை. யுத்த காலத்தில் நான் தொண்டர் ஆசிரியை. வெற்றிடத்துக்கு ஆள் வர மறுத்த பள்ளிக்கூடத்தில் ஏழு வருடம். பிறகு நிரந்தர நியமனத்துக்கு நேர்முகம் வந்தபோது பள்ளிக்கூடத்தில் அன்றாட விஷயங்களைப் பதியும் சம்பவத்திரட்டுப் புத்தகத்தில் என் பெயர் எங்கே என்று கேட்டார்கள். இரண்டு வருடத்துக்குத்தான் பதிவு இருந்தது. மற்ற ஐந்து வருடம் நான் அங்கே இருக்கவே இல்லை என்று ஆகிவிட்டது.

இரண்டு பேர் சொல்வதும் சரியென்றுதான் எனக்குப் படுகிறது. தங்கச்சியின் வகுப்புக்கு நான் போனதற்கு வருந்தவில்லை, இன்னொரு நெருக்கடி வந்தால் திரும்பவும் போவேன். ஆனால் தம்பி சுட்டும் இடம்தான் ஆபத்தான இடம். அவசரத்துக்கு வந்த தொண்டன் அங்கேயே தங்கிவிட்டால் வெற்றிடம் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. வகுப்பு நடக்கிறது, புள்ளி வருகிறது, பிறகு யார் அந்தப் பதவியைக் கேட்டு எழுதப்போகிறார்கள்? அதனால்தான் கடிதத்தில் முடிவுத் திகதியும், "இப்பாடத்துக்கு வெற்றிடம் உள்ளது" என்ற ஒரு வரியும் வேண்டும் என்று நிற்கிறேன். அந்த வரியை எழுதத் தயங்கும் இடத்துக்கு நான் போவதில்லை. சம்பூர் டீச்சர், உங்கள் ஐந்து வருடத்தைத் திருப்பித் தர எங்கள் யாராலும் ஏலாது. இதை வாசிக்கும் இளம் ஆட்கள் உங்கள் கதையை மனதில் வைக்க வேண்டும்.

கிண்ணியா, இன்னொருவர்: வினாத்தாள் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

கடிதத்தில் பரீட்சைப் பொறுப்பு எழுதப்பட்டிருந்தால் மட்டும். வினாத்தாளும் புள்ளியும் இரகசியம் சம்பந்தப்பட்டவை. பிரச்சினை வந்தால் முதலில் விரல் நீளுவது நியமனம் இல்லாத ஆளை நோக்கித்தான்.

அலஸ்தோட்டம்: சித்த மருத்துவம் பற்றி விரிவுரை செய்யப் பரம்பரை வைத்தியருக்கு இடமுண்டா?

வளாகத்தில் சித்த மருத்துவ பீடம் இருக்கிறது. பீடாதிபதி அலுவலகத்தில் கேளுங்கள்.

கந்தளாய்: சம்பளம் எவ்வளவு சேர்?

மேலே பாருங்கள்.

நிலாவெளி, முன்பு கேட்ட தங்கை: பின்னேர வகுப்பு முடிய இருட்டிவிடும். பஸ் கிடைக்குமா?

நாலு மணிக்குப் பின் வகுப்பு வேண்டாம் என்று ஆரம்பத்திலேயே நேரசூசி போடுபவரிடம் சொல்லுங்கள். மாரியில் இன்னும் முந்தி முடிக்கக் கேளுங்கள். சம்பளம் வாங்காத ஆள் நேரம் கேட்பது பிழை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாணவிகளும் அதே பஸ்ஸுக்குத்தான் நிற்கிறார்கள்.

மூதூர்: சேர், நீங்க சொன்ன அந்த மீட்டல் வகுப்பு, அத நானும் செய்யலாமா? வேலை தேடிக்கொண்டே. புள்ளிவிபரவியல்ல எனக்கு நல்ல பிடிப்பு.

செய்யலாம் தம்பி, ஒரு செமஸ்டர் மட்டும். விசிட்டிங் விண்ணப்பத்தையும் அதே நாளில் கொடு, ஒன்றுக்காக மற்றதை விடாதே. உன் கடிதத்தை எழுதி முதலில் எனக்கு அனுப்பு, நான் திருத்தித் தருகிறேன். முடிவுத் திகதியை நீயே போட்டு அனுப்பு.