கண்ணுக்குப் போடுற கேன்சர் மருந்து

வாசகர் கடிதம்:

வணக்கம் சார். அம்மாவுக்கு ரொம்ப வருஷமா சுகர். ரெட்டினா (விழித்திரை) வீங்கியிருக்கு, புதுசா ரத்தக்குழாய் வேற முளைச்சிருக்கு, கண்ணுக்குள்ள அவாஸ்டின் ஊசி போடணும்னு டாக்டர் சொன்னார். நெட்ல தேடினா கேன்சர் மருந்துன்னு வருது. பயந்துபோய் தள்ளிப் போட்டிருக்கோம். போடலாமா?

பதில்:

வணக்கம். அந்த ஊசிய எழுதினதால அம்மாவுக்கு கேன்சர்னு அர்த்தமே இல்ல, தயவுசெஞ்சு தள்ளிப் போடாதீங்க.

1960-கள்ல அமெரிக்க நேவில இருந்தப்ப ஜூடா ஃபோக்மன்னு ஒரு சர்ஜன், உடம்புக்கு வெளிய எடுத்து உயிரோட வச்சிருந்த தைராய்டு சுரப்பியில கேன்சர் செல்ல விட்டுப் பாத்தார், அது ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டரோட நின்னுபோச்சு, அதையே எலி உடம்புல வச்சதும் ரத்தக்குழாய் வந்து சேந்து கட்டி மளமளன்னு பெருத்துடுச்சு. ரத்தக்குழாய நிறுத்தினா கட்டியும் நிக்கும்னு 1971-ல எழுதினார், ரொம்ப காலம் பலபேர் நம்பல. எனக்கு அவர் மேல பெரிய மரியாதை உண்டு. 1989-ல ஜெனன்டெக் கம்பெனில நெப்போலியோன் ஃபெராரா டீம், குழாய வளரச் சொல்ற புரோட்டீன பிரிச்செடுத்துச்சு, அதான் விஇஜிஎஃப். அதப் புடிச்சு வைக்கிற மருந்துதான் அவாஸ்டின், 2004-ல குடல் கேன்சருக்கு அமெரிக்காவுல அனுமதி கிடைச்சுது.

சுகர்ல ரெட்டினாவோட பொடிக் குழாய்ங்க அடைச்சுக்கும், ஆக்சிஜன் பத்தாம ரெட்டினா அதே விஇஜிஎஃப்ப விடும், உடனே புதுக்குழாய் முளைக்கும், ஆனா வலுவில்லாம கசியும், ரத்தமும் கொட்டும். வயசானவங்களுக்கு வர்ற ஒரு ரெட்டினா நோய்லயும் விஇஜிஎஃப்பால இதே மாதிரி குழாய் முளைச்சுக் கசியும், அதுக்குத்தான் முதல்ல 2005-ல மயாமில ஃபிலிப் ரோசன்ஃபெல்ட்னு ஒரு கண் டாக்டர் இந்த மருந்த கண்ணுக்குள்ள போட்டுப் பாத்தார். அளவப் பாருங்க, 60 கிலோ ஆளுக்கு குடல் கேன்சர்னா கிலோவுக்கு 5 வச்சாலே ஒரு தடவைக்கு 300 மில்லிகிராம், கண்ணுக்கு வெறும் 1.25.

கண்ணுக்கு இதுக்கு முறையான அனுமதி இல்லதான், ஆனா உலகம் பூரா போடுறாங்க. 2015-ல வந்த ஆய்வுல, சுகரால வீங்கின ரெட்டினாவுக்கு, பார்வை கொஞ்சமா மட்டும் குறைஞ்சவங்களுக்கு அவாஸ்டினும், அதே மாதிரி விஇஜிஎஃப்ப புடிச்சு வைக்கிற, விலை கூடின ஐலியாங்கிற மருந்தும் கிட்டத்தட்ட ஒண்ணாதான் வேலை செஞ்சுது, ரொம்பக் குறைஞ்சவங்களுக்கு ஐலியா மேல். அம்மா இதுல எந்தப் பக்கம்னு டாக்டர்ட்ட கேளுங்க. பெரிய பாட்டில்லேருந்து சின்ன சிரிஞ்சுல பிரிச்சுத் தர்ற மருந்து, அத சுத்தமான இடத்துல பிரிச்சாங்களான்னும் தயங்காம கேளுங்க. சமீபத்துல ஹார்ட் அட்டாக், ஸ்ட்ரோக் வந்திருந்தா முன்னாடியே சொல்லிடுங்க.

ஒரு ஊசியோட முடியாது, மருந்து கரைஞ்சதும் விஇஜிஎஃப் திரும்ப வரும், பல மாசம் போகணும், சில பேருக்கு லேசரும் சேக்கணும். போட்ட பிறகு வலி கூடினாலோ பார்வை மங்கினாலோ மறுநாள் பாத்துக்கலாம்னு இருக்காம அப்பவே கூட்டிட்டுப் போயிடுங்க.