ஆட்டோமேட்டிக் இருக்க, கியர் எதற்கு?

கேள்வி: எங்களுடையது ஆட்டோமேட்டிக் கார். மகளோ டிரைவிங் ஸ்கூலில் கியர் வண்டியோடு மல்லுக்கட்டி, தினமும் எரிச்சலோடு வீடு திரும்புகிறாள். நேரே ஆட்டோமேட்டிக்கிலேயே பழகினால் என்ன?
– வாசகி, ஈரோடு

பதில்: பழகலாம். நம் ஊரில் கார் லைசென்ஸ் இரண்டுக்கும் செல்லும். சிங்கப்பூரில் அப்படியில்லை; ஆட்டோமேட்டிக்குக்கு மட்டுமான 3ஏ லைசென்ஸ் வைத்திருப்பவர் கியர் காரை ஓட்டக் கூடாது.

ஆனாலும் பாதியில் விட வேண்டாம் என்பேன். அந்த எரிச்சல் முக்கால்வாசி கிளட்ச்சால் வருவது. மேட்டில் வண்டி பின்னால் உருளும், பின்னாலிருக்கும் பஸ்காரர் ஹாரனை அமுக்குவார் (அவருக்கென்ன, அவரும் ஒருநாள் பழகியவர்தான்!), கால் உதறும். ஹேண்ட் பிரேக் போட்டு, முதல் கியரில் கிளட்ச்சை மெல்ல விடச் சொல்லுங்கள். ஓரிடத்தில் இன்ஜின் சத்தம் கனத்து, பானெட் லேசாக எழும்பும். காலை அங்கேயே நிறுத்தி, கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்து ஹேண்ட் பிரேக்கை விட்டால் வண்டி முன்னேதான் போகும். அந்த இடம் வண்டிக்கு வண்டி மாறும். காலி மைதானத்தில் பழகட்டும்.

கியர் பழகியதன் பலன் மலையிறக்கத்தில் தெரியும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கையே மிதித்து இறங்கினால், அது சூடேறிப் பிடிக்காமல் போகலாம். இரண்டாம் கியரில் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பல ஆட்டோமேட்டிக் கார்களிலும் இதற்காகவே லீவரில் ‘எல்’ (லோ, அதாவது குறைந்த கியர்) அல்லது ‘எம்’ (மேனுவல், அதாவது கியரை நாமே மாற்றுவது) இருக்கிறது. கியர் பழகாதவர்களில் பலர் அதைத் தொடுவதேயில்லை.