லேசருக்குப் பணம் கட்டும் முன்: கேள்வி-பதில்

கே: பருக்குழிக்கு 6 சிட்டிங் லேசர். இன்றே மொத்தமாகக் கட்டினால் பாதி விலையாம். கட்டலாமா?
– வாசகி, திருச்சி

ப: கட்டாதீர்கள். கன்னத்து மங்குக்காக நானும் இப்படி 8 சிட்டிங்குக்கு மொத்தமாகக் கட்டினேன். மூன்றாவதுக்குப் போனால் ஷட்டர் இறங்கியிருக்கிறது, ‘வாடகைக்கு’ என்று தாள் ஒட்டியிருக்கிறது. என் கையில் இருந்தது கார்டு தேய்த்த சீட்டு மட்டும். அதிலும் எழுத்து மங்கிவிட்டது. ஒவ்வொரு சிட்டிங்குக்கும் தனியாகக் கட்டி, தனி பில் வாங்குங்கள்.

கே: 15 நாளில் கல்யாணம். சிஓ2 லேசர் செய்துகொள்ளலாமா?
– வாசகி, சேலம்

ப: வேண்டாம். அது மேல்தோலை ஆவியாக்கும் வகை. பொருக்கு உதிரவே ஒரு வாரம் ஆகும். சிவப்பு அதற்கு மேலும் நிற்கும்.

கே: பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை சாப்பிடுகிறேன். லேசர் கிளினிக்கில் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.
– வாசகர், சென்னை

ப: முகத்தைக் கொடுக்கப் போகிறவர் வாயைத் திறக்க வேண்டாமா? தோலை ஆழமாக எடுக்கும் லேசர் என்றால், மாத்திரையை நிறுத்தி ஆறு மாதம் பொறுப்பதுதான் வெகுநாள் வழக்கம். லேசான வகைகளுக்கு இப்போது அவ்வளவு கண்டிப்பு இல்லை. மருத்துவர் முடிவு செய்யட்டும். நீங்களாக நிறுத்த வேண்டாம். உதட்டோரம் அடிக்கடி கொப்புளம் வருமானால் அதையும் சொல்லுங்கள். லேசருக்குப் பிறகு அது முகமெங்கும் பரவக்கூடும்; அதைத் தடுக்க முன்னதாகவே வேறு மாத்திரை தருவார்கள்.

கே: எல்லாம் லேசர்தானே, மலிவான இடத்தில் செய்தால் என்ன?
– வாசகர், மதுரை

ப: இந்தக் கேள்விதான் என்னை வருத்துகிறது. சிஓ2, எர்பியம் இரண்டும் தோலில் உள்ள நீரைச் சூடாக்கி மேல்தோலை ஆவியாக்குபவை. ஃபிராக்‌ஷனல் என்றால் புள்ளி புள்ளியாகத் துளைத்து, இடையில் நல்ல தோலை விட்டுவைக்கும். அதனால் சீக்கிரம் ஆறும். மெஷின் எது, எந்த அளவில் வைக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தாளிக்கும்போது எண்ணெய் தெறித்த இடம் நம் கையில் மாதக்கணக்கில் கறுத்துக் கிடக்கிறதே, முகமும் அதே தோல்தான். வெள்ளைத் தோலுக்கு வைக்கும் அளவை மாநிறத்துக்கு அப்படியே வைத்தால் கறுக்கும். அதனால் காதோரம் சிறு இடத்தில் முதலில் சுட்டுப் பார்த்து, சில வாரம் காத்திருக்கச் சொல்லுங்கள். மறுக்கும் இடத்தில் உட்காராதீர்கள். மெஷினைப் பிடிப்பவர் தோல் மருத்துவரா, எம்.டி. டி.வி.எல். அல்லது டி.டி.வி.எல். என்ற தோல் மருத்துவப் படிப்பு படித்தவரா என்று நேராகக் கேளுங்கள். அப்புறம் சன்ஸ்கிரீன், எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாமல், மாதக்கணக்கில் போட வேண்டும். வெயிலில் அலையும் வேலை என்றால் லேசரையே தள்ளிப் போடுங்கள்.

கே: பார்லரில் தங்கைக்கு லேசர் செய்தார்கள். கன்னமெல்லாம் கறுந்திட்டு. ‘வெயிலில் போனதால்தான்’ என்கிறார்கள். வீட்டை விட்டே வெளியே வர மறுக்கிறாள்.
– வாசகி, தஞ்சாவூர்

ப: அவள்மேல் எந்தத் தப்பும் இல்லை, முதலில் இதை அவளிடம் சொல்லுங்கள். இந்தக் கறுப்பு பெரும்பாலும் மெல்ல மங்கும். ஆனால் பார்லர் தரும் லேபிள் இல்லாத டப்பா க்ரீமைத் தொட வேண்டாம். தோல் மருத்துவரிடம் காட்டி, எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். இன்றே தேதியோடு போட்டோ எடுங்கள். பில், வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். மசியவில்லை என்றால், உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். பார்லருக்குக் கட்டியது 5 லட்சத்துக்குள் என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது.