கண்புரை ஆபரேஷனுக்கு முன் லென்ஸ் சாய்வை எப்படி அளக்கிறார்கள்? 5 டிகிரி என்று ரிப்போர்ட்டில் இருந்தால் பயப்பட வேண்டுமா?

பயம் வேண்டாம். உங்களுக்கு டோரிக் லென்ஸ் (சிலிண்டர் பவரையும், அதாவது திசைக்குத் திசை மாறும் பவர் குறைபாட்டையும், சரிசெய்யும் செயற்கை லென்ஸ்) வைப்பதாகப் பேச்சு நடந்திருக்கும், அதனால்தான் இந்த ஸ்கேன் வரை போயிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

இயற்கை லென்ஸ் யாருக்கும் நேராக நிற்பதில்லை. பார்வை அச்சிலிருந்து (பார்க்கும் பொருளையும் விழித்திரையின் கூர்மையான புள்ளியையும் இணைக்கும் கோடு) 4, 5 டிகிரி சாய்ந்திருப்பது சாதாரணம். விழித்திரையில் கூர்மையாகப் பார்க்கும் புள்ளி, கண்ணின் நடு அச்சுக்குச் சற்றுக் காதுப் பக்கம் தள்ளி இருக்கிறது. அதனால் நேராகப் பார்க்கும்போது லென்ஸின் முகம் காதுப் பக்கம் திரும்பி, மூக்குப் பக்க விளிம்பு முன்னால் வந்து நிற்கும். நீளம் குறைந்த கண்களில் சாய்வு கூடுதல், நீண்ட கண்களில் குறைவு.

திசை சொல்லாமல் "5 டிகிரி" என்று மட்டும் எழுதித் தருவதை நான் ஏற்கவே மாட்டேன். எந்த அச்சிலிருந்து அளந்தது என்பதும் வேண்டும். பார்வை அச்சு, கண்பாவை அச்சு, கருவிழி உச்சிக்குச் செங்குத்துக் கோடு மூன்றும் வேறு வேறு. ஆகவே இரண்டு கருவிகளின் எண்களை அப்படியே ஒப்பிடக்கூடாது.

அளப்பதற்கு ஸ்வெப்ட் சோர்ஸ் ஓசிடி (ஒளியால் கண்ணின் குறுக்கு வெட்டுப் படம் எடுக்கும் ஸ்கேன்) தான் வசதி. ஒரு குறுக்கு வெட்டுப் படத்தில் அந்தத் திசைச் சாய்வு மட்டுமே தெரியும். அதனால் பல திசைகளில் படமெடுத்து (ஐஓஎல் மாஸ்டர் 700 என்ற கருவியில் ஆறு), லென்ஸின் முன், பின் பரப்புகளுக்கு வளைவு பொருத்தி அச்சைக் கணக்கிடுகிறார்கள். முதலில், சொட்டு மருந்து போடுவதற்கு முன்பே, கருவிழி வளைவும் கண் நீளமும் எடுத்துவிட வேண்டும். பிறகு கண்பாவையை விரித்துச் சாய்வைப் பார்க்கலாம். விரிக்காவிட்டால் பின்பரப்பில் நடுத்துண்டு மட்டும் தெரியும்; அந்தச் சிறு வில்லில் பொருத்திய வளைவு எளிதில் தவறும்.

புரை முற்றியிருந்தால், ஸ்கேனின்போது உற்றுப் பார்க்க வேண்டிய குறி விளக்கு நோயாளிக்குத் தெரியாமல் போகலாம். பார்வை விலகினால் சாய்வு எண்ணும் கூடவே விலகும். தலை தோள் பக்கம் சரிந்தால் திசை மாறும். குறைந்தது மூன்று முறை எடுங்கள். வலது, இடது கண்களின் திசைகள் கண்ணாடி பிம்பம்போல் இருக்க வேண்டும். இல்லையென்றால் கண்ணைச் சந்தேகிக்கும் முன் ஸ்கேனைச் சந்தேகியுங்கள்.

"இதெல்லாம் எல்லோருக்கும் எதற்கு?" என்று சில டாக்டர்கள் கேட்பார்கள். எல்லோருக்கும் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 22 டயாப்டர் (லென்ஸ் பவரின் அளவு) செயற்கை லென்ஸ் பக்கவாட்டில் 5 டிகிரி சாய்ந்தால் கூடும் சிலிண்டர் சுமார் 0.1 டயாப்டர்தான். 10 டிகிரியில் அது அரை டயாப்டரை நெருங்கும், ஏனென்றால் கோணம் இரட்டித்தால் விளைவு நான்கு மடங்கு. செயற்கை லென்ஸ் பெரும்பாலும் பழைய லென்ஸின் திசையிலேயே, ஓரிரு டிகிரி கூடுதலாகச் சாய்ந்து அமர்கிறது. எனவே ஆபரேஷனுக்கு முன்பே 7, 8 டிகிரி காட்டும் கண்ணில் டோரிக், மல்டிஃபோகல் (தூரம், கிட்டம் இரண்டுக்கும் ஆன லென்ஸ்) தேர்வை மறுபடி யோசிக்க வேண்டும். ஆனால் ஆபரேஷன் முடிவுகளிலிருந்து உருவாக்கிய, டோரிக் லென்ஸின் பவரைக் கணக்கிடும் சூத்திரங்களில் சராசரிச் சாய்வு ஏற்கெனவே கலந்திருக்கிறது. அளந்ததை முழுதாக அதன்மேல் கூட்டினால் இரட்டைக் கணக்கு.

லென்ஸைத் தாங்கும் இழைகள் பலவீனமாக இருந்தாலோ, கண்ணில் அடிபட்டிருந்தாலோ, செயற்கை லென்ஸைத் தாங்கும் இரு கைகளில் ஒன்று பழைய லென்ஸின் உறைப் பைக்குள்ளும் மற்றது வெளியிலும் போனாலோ முன் அளவு செல்லாது.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். படங்களை விட்டு எண்களை மட்டும் அச்சடித்துத் தரும் வழக்கம் அநியாயம். பின்பரப்புக் கோடு சரியாக விழுந்ததா என்று படம் இல்லாமல் வேறொரு டாக்டர் எப்படிப் பார்ப்பார்? படத்தையும் கேட்டு வாங்குங்கள்.