ஆச்சியிடம் அடுப்படிச் சந்தேகங்கள்

நெல்லைச் சமையல் பழகுகிறவர்கள் கேட்ட சந்தேகங்களும், பாளையங்கோட்டை ஆச்சி ஒருவர் சொன்ன பதில்களும்.

ஆச்சி, கல்யாணமாகி சென்னையிலிருந்து வந்திருக்கிறேன். அத்தை கொடுத்த சாமான் சீட்டில் பல்லாரி, சீனி அவரைக்காய், தடியங்காய், காணம் என்று இருக்கிறது. கடையில் என்னவென்று கேட்பது?

அப்படியே கேளு, இங்கே எல்லாக் கடையிலும் தருவார்கள். பல்லாரி பெரிய வெங்காயம். சீனி அவரைக்காய் உங்கள் ஊர்க் கொத்தவரங்காய். தடியங்காய் வெண்பூசணி, காணம் கொள்ளு. வெறுமனே 'வத்தல்' என்று எழுதியிருந்தால் மட்டும் மிளகாய் வத்தலா, சுண்டை வத்தலா, மிதுக்க வத்தலா என்று அத்தையிடம் கேட்டுவிட்டுப் போ.

தேங்காய்ப்பாலில் வைக்கிற சொதிக் குழம்பு ஒவ்வொரு தடவையும் திரிந்துவிடுகிறது ஆச்சி. பாக்கெட் தேங்காய்ப்பால்தான் காரணமா?

பாக்கெட்டின் மேல் பழி போடாதே. எந்தப் பாலை எப்போது ஊற்றினாய், அதைச் சொல்லு. தேங்காய்த் துருவலில் கொஞ்சம் வெந்நீர் விட்டு அரைத்துப் பிழிந்தால் வருவது முதல் பால். அதே சக்கையில் மறுபடி தண்ணீர் விட்டு எடுப்பவை இரண்டாம் பாலும் மூன்றாம் பாலும். காய்கறி வேக வேண்டியது இந்தத் தண்ணிப் பால்களில்தான். வெந்த பாசிப்பருப்பும், இஞ்சி பச்சை மிளகாய் அரைத்த விழுதும் சேர்ந்து கொதித்து, பச்சை வாசனை போன பிறகே முதல் பால். ஓரத்தில் நுரை கட்டியதும் இறக்கிவிடு. தளதளவென்று கொதிக்க விட்டால் பாலில் இருக்கிற புரதம் இறுகி, எண்ணெய் தனியாகப் பிரிந்துவிடும். எலுமிச்சைச் சாறும் அடுப்பில் இருக்கும்போது ஊற்றக் கூடாது. சூடு கொஞ்சம் தணியட்டும்.

சொதிக்குப் புளியும் கிடையாது, மிளகாய்ப் பொடியும் கிடையாது. கெட்டியாக வேண்டுமென்று கடலை மாவு கரைத்து ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள், நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மறுவீட்டு விருந்தில் சம்பந்தி வீட்டார் இலையில் அதையா ஊற்றுவது? கூடவே இஞ்சித் துவையல் கட்டாயம். தேங்காய்ப்பால் வயிற்றில் கனக்கும் பாரு, அதற்குத்தான்.

உளுந்தஞ்சோற்றுக்கு இட்லிக்குப் போடுகிற வெள்ளை உளுந்து போதுமா?

சோறு ஆகும், அந்த மணம் வராது தம்பி. தொலி உளுந்து என்று கேட்டு வாங்கு. கறுப்புத் தோலோடு உடைத்த பருப்பு அது. ஒரு பங்கு அரிசிக்கு அரைப் பங்கு உளுந்து. உளுந்தை வாசம் வரும்வரை வறுத்து, பூண்டு, கொஞ்சம் வெந்தயம், தேங்காய்த் துருவல் சேர்த்துக் குழைய வேகவை. தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல்.

'நெல்லிக்காய் அளவு புளி' என்கிறீர்களே, அரைநெல்லியா பெருநெல்லியா?

பெருநெல்லி. பழைய புளி என்றால் அதிலும் கொஞ்சம் கிள்ளிவிடு, குழம்பு கறுத்துப் போகும்.

சிறுகிழங்கு தோலைச் சீவி மாளவில்லை ஆச்சி. கையெல்லாம் கறை.

சீவச் சொன்னது யார்? மண் போக ஊறவைத்துக் கழுவி, சாக்குப் பையில் போட்டுத் தரையில் வைத்துத் தேய்த்தால் தோல் முக்கால்வாசி உரிந்துவிடும். மிச்சத்தை மட்டும் கத்தியால் சுரண்டு. உரித்ததை உடனே தண்ணீரில் போடு, கறுக்காது. பொங்கல் சமயத்தில்தான் நல்ல கிழங்கு வரும், அப்போது வாங்கு.

கோதுமை மாவில் அல்வா கிண்டினால் கடை அல்வா மாதிரி வருமா?

வராது. அல்வாவுக்கு முழுச் சம்பா கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பால் பிழிய வேண்டும். பாலை இரவெல்லாம் அசையாமல் வைத்து, மேலே தெளிந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, அடியில் தங்கிய கெட்டிப் பாலைத்தான் கிண்டுவது. மாவைக் கரைத்தால் தவிடும் மற்றதும் சேர்ந்தே வருமே, அந்த வழவழப்பு எங்கிருந்து வரும்? அவ்வளவு பாடு பட முடியாதென்றால் கடையில் கால் கிலோ வாங்கிக்கொள், தப்பில்லை.