உறைபனியில் பைனாகுலர் மங்குவது

ஊட்டிக் குளிரில் பறவை பார்க்கும்போது பைனாகுலர் மங்குகிறது, கெட்டுவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். கண் பக்கத்துக் கண்ணாடி மட்டும் மங்குகிறது என்றால் பைனாகுலர் கெடவில்லை. ஊட்டியின் ஜனவரிக் காலையில் கண்ணாடி சில்லிட்டுப் போயிருக்கும். உங்கள் மூச்சும் முகத்தின் ஈரச்சூடும் பட்டதும் அதில் நீர் படியும். மஃப்ளரை மூக்குவரை சுற்றியிருந்தீர்களா? அப்படியென்றால் மூச்சு நேராக மேலே கண்ணாடிக்குத்தான் போகும். மூக்குக்குக் கீழே இறக்கிவிடுங்கள். பார்க்கும்போது மூச்சைக் கீழ்நோக்கி விடுங்கள், பார்த்ததும் கண்ணிலிருந்து எடுத்துவிடுங்கள்.

ஒரு சோதனை: மைக்ரோஃபைபர் துணியால் மெல்ல ஒற்றிப் பாருங்கள். போய்விட்டால் வெளி ஈரம். போகவில்லை என்றால் உள்ளே ஈரம் புகுந்திருக்கிறது. நீங்களே கழற்றாமல் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். உள்ளே ஈரக்காற்றுக்குப் பதில் நைட்ரஜன் வாயு நிரப்பிய பைனாகுலரில் உள்பக்கம் மங்காது, ஆனால் வெளிப்பக்கம் அதிலும் மங்கும்.

அறைக்குத் திரும்பும்போது இன்னும் கவனம் வேண்டும். சூடான அறைக்காற்று பட்டாலும் சில்லிட்ட கண்ணாடியில் நீர் படியும். அதனால் பைனாகுலரை வெளியிலேயே ஜிப் பையில் போட்டு மூடி, உள்ளே ஒரு மணி நேரமாவது விட்டுத் திறங்கள்.

அப்புறம், ஊட்டிக்குப் பக்கத்துத் தலைக்குந்தா புல்வெளியில் விடியலில் பறவையே இல்லை என்றீர்களே. குளிர்காற்று பள்ளத்தில் இறங்கித் தேங்குவதால் அங்கேதான் உறைபனி அதிகம், பூச்சிகளும் அசையாது. முதல் வெயில் படும் சோலை ஓரத்தில் நில்லுங்கள். நீலகிரி ஈப்பிடிப்பான், சிரிப்பான் ஆகிய பறவைகள் அங்கே வர வாய்ப்பு அதிகம். சிரிப்பானின் குரல் முதலில் கேட்கும், அது அவ்வளவு அழகு! ஓடைப் பக்கம் சாம்பல் வாலாட்டியையும் தேடுங்கள், வலசை வந்திருக்கும்.